பாம்பரின் இடது இறக்கை

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, அந்த வரியை எழுதிவிட்டு நின்றுவிட்டது. அடித்துவிட்டேன். இங்கு இருப்பதே இரண்டு பேர். அதில் உன் அம்மா நான்கு நாட்களாக என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், டம்ளரை வைக்கும் சத்தத்தில் மட்டும்தான் கொஞ்சம் பேச்சு இருக்கிறது. ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இத்தனை வருஷம் அடுத்தவர்களின் கடிதத்தை டைப் அடித்தே பிழைத்தவன் நான். இதையும் மெஷினில் அடிக்கலாம் என்றுதான் தாளைச் சொருகினேன். ‘அன்புள்ள’ என்று அடித்ததுமே ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. தாளை உருவிப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன மாதம் உன் கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாய். அம்மா பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாள். பழைய சேலைகளுக்கு அடியில், ஒரு தடவைகூட உடுத்தாத ஒரு சின்னச் சட்டையில் சுற்றி அந்தப் பொம்மை விமானம் இருந்தது. நீ பிரித்தபோது இடது இறக்கை தனியாக நழுவித் தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் நீ சொன்னாய்: “நான்தாம்ப்பா தம்பியக் கொன்னேன். இந்தப் பிளாஸ்டிக்குக்காகப் பேசாம இருந்தே கொன்னேன்.” அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போனேன். வீட்டில் ஏற்கெனவே கத்தரிக்காய் இருந்தது. மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தபோது இன்னொன்றையும் சொன்னாய். “அந்தப் பொண்ணுக்கு லெட்டர் போட்டுட்டேம்ப்பா. பிள்ளை குட்டியெல்லாம் வேணாம், எனக்கு அதுக்குத் தகுதி இல்லன்னு எழுதிட்டேன். சம்மதம்னா கட்டிக்கட்டும்.” கண்டக்டர் விசில் அடித்தார். நான் “பாத்துப் போய்ட்டு வா” என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

முதலில் அந்த விளையாட்டிலிருந்து வருகிறேன். எனக்குத் தெரியாததா என்பாய். உன் பக்கம் உனக்குத் தெரியும். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. நீ ஆறாவது, தம்பி செந்தில் இரண்டாவது. ஆரப்பாளையத்தில் இருந்து நாகமலை புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவேன். நான் டைப்பிஸ்டாக இருந்த காலேஜில் சரித்திரம் நடத்திய ஒரு வாத்தியார், உலக யுத்தத்தைப் பாடமாகச் சொல்ல ஒரு கப்பல் சண்டை விளையாட்டை வைத்திருந்தார். தரைதான் கடல். விரல் நீளக் கப்பல்களை அடிஸ்கேலால் அளந்து அளந்து நகர்த்த வேண்டும். எத்தனை அங்குலத்துக்கு எந்தப் பீரங்கி எட்டும் என்று அதற்கொரு பட்டியல். அந்த விதிகளை நகலெடுப்பதற்காக ஸ்டென்சிலில் அடித்தவன் நான். மிச்சமான ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். ஊதுபத்தி அட்டையை வெட்டிக் கப்பல் செய்தாய். தீக்குச்சியை ஒடித்துப் பீரங்கி வைத்தாய். ஆறு பக்கப் பகடை வேண்டும் என்று அதில் இருந்தது. நம்மிடம் இருந்ததோ அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை. நீ அசரவில்லை. தாயம் விழுந்தால்தான் கப்பல் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும், பன்னிரண்டு விழுந்தால் வெடிமருந்து அறையில் குண்டு என்று நீயே சட்டம் போட்டாய். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம்தான் சிங்கப்பூரிலிருந்து உன் சித்தப்பா அந்த விமானத்தைக் கொண்டுவந்தான். அட்டைப் பெட்டிக்குள் துண்டு துண்டாக இருந்ததை நானும் நீயும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டினோம். இரண்டு எஞ்சின், கண்ணாடி மூக்கு, முதுகில் ஒரு துப்பாக்கிக் கூண்டு. பெட்டியில் நடுத்தர ரகக் குண்டுவீச்சு விமானம் என்று போட்டிருந்தது. உங்களுக்கு அது பாம்பர். வாத்தியாரிடம் கேட்டேன். “இது தரையிலேர்ந்து கிளம்புற ரகம் சார். ஆனா யுத்தத்துல வயித்துல டார்பிடோவக் கட்டிக் கப்பலடிக்கவும் அனுப்பியிருக்காங்க” என்றார். அதைக் கேட்டதும் உனக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு சிக்கல், கப்பல் விரல் நீளம், விமானமோ ஒரு சாண். கப்பலைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடும் போலிருந்தது. விளையாட்டுக்கு ஆகாது, அலமாரியில் வைத்துவிடு என்று சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

அந்த வாரம் கீழக்குயில்குடிக்குப் போனோம். மலைமேல் சமணப் படுக்கை வரை ஏறினோம். செந்திலை நான் தோளில் தூக்கிக்கொண்டேன். மேலே நின்று நீ வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். குளத்துக்கரையில் எருமைகள் நின்றன. திடீரென்று திரும்பி, “அப்பா, எருமை தீப்பெட்டி அளவுதான் தெரியுது. நாம விமானத்துக்குப் பக்கத்துல நிக்கிறோம்ப்பா, அதான் அது பெருசு. கப்பல் கீழ கிடக்கு, அதான் சிறுசு” என்று கத்தினாய். பதினொரு வயதுப் பையன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, போ. வீட்டுக்கு வந்து என் சைக்கிளின் பழைய ஸ்போக்ஸ் கம்பியை நூல்கண்டுக் கட்டையில் குத்தி நிறுத்தி, அதன் உச்சியில் விமானத்தைப் பொருத்தினாய். கம்பியில் வால்டியூப் ரப்பரை மூன்று இடத்தில் வெட்டிச் சொருகினாய், மூன்று உயரத்துக்கு மூன்று அடையாளம். வயிற்றில் ஒரு தீக்குச்சி, அது டார்பிடோ. டார்பிடோ போட வேண்டுமென்றால் கடைசி அடையாளத்துக்கு இறங்கி, இரண்டு முறை திரும்பாமல் நேராகப் போக வேண்டும். அதற்குள் கப்பல் சுடலாம். நீ நோட்டில் எழுதித் தந்த விதிகளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் தமிழ் மெஷினில் அடித்துக் கொண்டுவந்தேன். மொத்தம் ஒன்பது விதி. ஒன்பதாவது இப்படி: ‘செந்தில் எட்டு வயது முடியும்வரை பாம்பரைத் தொடக் கூடாது.’ சிரித்துக்கொண்டேதான் அடித்தேன். அதைச் சுவரில் ஒட்டினாய். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவன் என்னிடம் வந்து, “எட்டுக்கு இன்னும் எம்புட்டு நாளுப்பா இருக்கு?” என்றான்.

இனி சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. அந்த வருஷம் ஆயுத பூஜை. அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள், நீங்கள் இருவரும் பொரிகடலை வாங்கக் கடைக்குப் போயிருந்தீர்கள். உங்கள் புத்தகங்கள், அரிவாள்மனை, என் சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். அலமாரியில் பாம்பர் நின்றது. உலகத்தில் எவனும் செய்யாத காரியத்தைச் செய்தேன். ஆயுதம்தானே என்று அதையும் எடுத்துவைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். நீங்கள் வந்து பார்த்துச் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். முன்கூட்டியே ஒரு தரம் சூடம் காட்டினேன், அவசரக்குடுக்கை. தட்டைச் சாய்த்ததில் எரிகிற சூடம் உருண்டு இடது இறக்கையில் விழுந்தது. வாயால் ஊதி அணைத்தேன். சாமிக்குக் காட்டுகிற சூடத்தை வாயால் ஊதக் கூடாது, அது வேறு. பிளாஸ்டிக் இளகிக் கருத்துத் தொங்கியது. நிமிர்த்தப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது.

உன் அம்மாவை உனக்குத் தெரியும். பூஜையில் வைத்த பொருள் எரிந்து உடைந்தது என்று தெரிந்தால் அந்த வருஷம் முழுக்க யாருக்கு என்ன ஆகுமோ என்று தூங்க மாட்டாள். அதனால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, இரண்டையும் புத்தக அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். படைத்ததை மறுநாள்வரை யாரும் தொட மாட்டார்கள். அதற்குள் பசை வாங்கி ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் விஜயதசமி, நான் எழுவதற்கு முன்பே நீ புத்தகத்தை எடுத்துவிட்டாய். சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வந்தது.

“ஏன்டா கருக்குன?” என்று செந்திலிடம் கேட்டாய். “நான் கருக்கலண்ணே” என்றான். “பின்ன, பூதமா வந்து கருக்குச்சு?” விளக்கின் முன்னால் உட்கார்ந்து திரியைத் தூண்டிக்கொண்டே இருப்பது அவன் வழக்கம், அது எல்லாருக்கும் தெரியும். அம்மா வந்தாள். “விளக்குகிட்டப் போகாத, போகாதன்னு எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன்” என்று ஒன்று வைத்தாள். நான் வாசலில் நின்று சைக்கிள் ஹேண்டில்பாரில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக அழுந்தத் துடைத்தேன். நீ அவன் முன்னால் சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டாய். பிள்ளைகள் விடுகிற காய்தானே, இரண்டு விரலைக் கோத்துப் பழம் விட எவ்வளவு நேரமாகும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

சரியாகவில்லை. ஐந்தாம் நாள் அவன் உன்னிடம் வந்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, நான்தாண்ணே கருக்குனேன். தெரியாமப் பண்ணிட்டேண்ணே. பழம் விடுண்ணே” என்றான். செய்யாததை ஒத்துக்கொண்டால் நீ பேசுவாய் என்று அவனுக்கு யோசனை. நீ என்னைப் பார்த்து, “பாத்தீங்களாப்பா? இம்புட்டு நாளும் பொய் சொல்லிருக்கான்” என்றாய். அப்புறம் அவனிடம், “சாகுறவரைக்கும் காயி” என்றாய். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும். அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன், முருகேசா. நிம்மதியாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை என் குற்றத்தை எடுத்துக்கொண்டது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நிம்மதி. பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறந்து, அதில் ஒன்று வந்து நான்தான் செய்தேன் என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. எதற்காகச் சொல்கிறது என்று பார்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். முதலில் கசாயம், அப்புறம் தெருமுனை டாக்டர், அப்புறம் ஆஸ்பத்திரி. மூளைக்காய்ச்சல் என்றார்கள். அம்மா அங்கேயே இருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா உனக்கு இட்லி கொடுத்துக்கொண்டிருந்தாள். “வாடா, தம்பியப் பாத்துட்டு வரலாம்” என்றேன். “நான் வரல. அவன்கூட நான் காயி” என்றாய். உன் கண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வர ஆசைதான் உனக்கு, வீம்பு விடவில்லை. அப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும். டேய், அதை உடைத்தது நான்தான்டா. அவ்வளவுதான். வாய்வரை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறாளே என்று இருந்தது. அவள் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரியில் பிள்ளை கிடக்கிற நேரத்தில் பூஜையில் எரிந்ததை அவள் எப்படித் தாங்குவாள் என்று இருந்தது. சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டேன். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவன் போய்விட்டான்.

அதற்கு அப்புறம் எனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை. அழவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, இவன் ஏன் அழவில்லை என்று. வரவில்லை, இன்றுவரை வரவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் டெய்லர், விஷயம் தெரியாமல், உங்கள் இருவருக்கும் தைத்த சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சின்னச் சட்டையில் விமானத்தைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நான் ஆபீஸ் போய்ப் பரீட்சைக் கேள்வித்தாள் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். சூப்பிரண்டெண்டு, “இந்த நேரத்துலயும் எப்படி சார்?” என்று கேட்டார். விரல் தானாக அடித்தது, நான் அங்கே இல்லை. அதன்பிறகு எப்படிச் சொல்வது? சகுனத்துக்குப் பயந்து மறைத்தேன்; பதினாலு நாளில் பிள்ளை போய்விட்டான். இப்போது சொன்னால் பூஜையில் எரிந்ததால்தான் போனான் என்று அம்மா நம்பிவிடுவாள். ஏன், எனக்கே சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது. படித்தவன், பேண்ட் போட்டவன், எனக்கே. அதனால் இன்று, நாளை என்று பதினைந்து வருஷம். தப்பைச் செய்த அன்றைக்கே சொல்லிவிடு, முருகேசா. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் உடனே சொல்லிவிடு. அவள் கத்துவாள், கத்தட்டும். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் இரண்டைச் சொல்ல வேண்டியிருக்கும், செய்ததையும் மறைத்ததையும்.

நீ போன பிறகு, நீ விட்டுவிட்டுப் போன விமானம் மேஜை மேலேயே இருந்தது. நான்கு நாட்களுக்கு முன் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சகுனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவள். நான் பதினைந்து வருஷம் பயந்த ஒன்றை அவள் கண்டுகொள்ளவே இல்லை. முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றுதான் கேட்டாள்: “நான் அவனை அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?” வாசலில் என்றேன். “கேட்டுச்சா?” கேட்டது என்றேன். பொறுக்கி முடித்த அரிசியையே மறுபடி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இனி பேசுவாளா, மாட்டாளா, தெரியாது. அதற்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். அது எங்களுக்குள்.

நீ செய்ய வேண்டியது வேறு ஒன்று. நீ கொல்லவில்லை. நீ காய் விட்டது நான் உடைத்ததற்காக. அவன் மேல் உனக்கு இருந்த கோபத்துக்குச் சொந்தக்காரன் நான். அந்தப் பெண்ணுக்கு எழுதிய லெட்டரை வாபஸ் வாங்கு. பிள்ளை வேண்டாம் என்றால் உங்கள் இருவர் விருப்பம். தகுதி இல்லை என்று மட்டும் எழுதாதே. அது என்னைப் பற்றி எழுத வேண்டிய வரி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொன்ன பிறகுதான் அவளுக்கு. அந்த மூன்றாம் நாள், சேலையை எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா குளிக்கப் போனாள். அவனும் நானும் மட்டும். கண்ணைத் திறந்தான். அதற்கு முன்னும் பின்னும் திறக்கவில்லை. “வீட்டுக்கா போனீங்க?” என்றான். ஆமாம் என்றேன். “அண்ணே பழம் விட்டுருச்சா?”

விட்டுவிட்டான் என்றேன். “நெசமா?” என்றான். நெசமாத்தான்டா, வரும்போது சொல்லிவிட்டான் என்றேன். கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து இரண்டு விரலை நீட்டினான். நீ அங்கே இல்லை. உன் விரலுக்குப் பதிலாக என் விரலைக் கோத்தேன். சூடாக இருந்தது. “அப்ப பாம்பர நான் தொடலாமாப்பா?” தொடலாம், ஒன்பதாவது விதியை அடித்தாச்சு என்றேன். “ரெண்டு தடவ நேராப் போகணும், திரும்பக் கூடாது. எனக்குத் தெரியும்” என்றான். அப்புறம் தூங்கிவிட்டான்.

அவன் காயோடு போகவில்லை, முருகேசா. பழத்தோடுதான் போனான். உன் பெயரில் அதை விட்டவன் நான், உன்னைக் கேட்காமல் விட்டேன். அந்தப் பழம் உன்னுடையதுதான் என்று ஒரே ஒரு வரி, ஒரு கார்டில் எழுதிப் போடு. கீழே உன் கையெழுத்து வேண்டும். என்னோடு காய் விடுவதானால் விட்டுக்கொள், எத்தனை வருஷமானாலும் நான் கேட்க மாட்டேன். அந்தக் கார்டு மட்டும் கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா